எல்லைக்கு அப்பால் ஓர் ஏரி: கிணத்துக்கடவிலிருந்து பரம்பிக்குளத்துக்கு ஒரு நாள்

கோயம்புத்தூர் – பொள்ளாச்சி நெடுஞ்சாலையில் உள்ள கிணத்துக்கடவிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய தொலைவில், கேரள மாநிலத்தின் நிலத்தில், தமிழ்நாட்டால் கட்டப்பட்டு இன்றளவும் தமிழ்நாட்டின் நீர்வளத் துறையால் இயக்கப்பட்டுவரும் ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. பரம்பிக்குளம் என்னும் பெயரைக் கொங்கு நாட்டில் அறியாதவர் இல்லை. ஆனால் உழவர்களிடையே அந்தப் பெயர் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத் திட்டம்) என்னும் சுருக்கமாகவும், வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளையும் நிற்கும் நாளையும் பற்றிய பேச்சாகவுமே பெரும்பாலும் புழங்குகிறது. சுற்றுலா செல்வோரிடையே அதே பெயர் தேக்கங்காட்டையும் காட்டெருமைகளையும் மூங்கில் தெப்பத்தையும் நினைவூட்டுகிறது. காட்சிக்குரிய ஏரியும் பாசனத்துக்குரிய அணையும் ஒன்றே என்பதை ஒரே பகற்பொழுதில் நேரிற்கண்டு உணரும் வாய்ப்பு இந்த வட்டாரத்து மக்களுக்கு வாய்த்திருப்பதால், இந்தப் பயணம் மற்ற மலைவாசத்தலப் பயணங்களிலிருந்து வேறுபட்டதாகக் கருதத்தக்கது.

வெளிநாடு செல்லும் தமிழர்களின் பயணத் திட்டங்களில் ஏதேனும் ஓர் ஏரிக்கு ஒரு நாளை ஒதுக்குவது இன்று வழக்கமாகிவிட்டது. சுவிட்சர்லாந்து செல்பவர் லூசெர்ன் ஏரியில் படகேறுகிறார், இலங்கை செல்பவர் கண்டியில் தலதா மாளிகையை ஒட்டிய ஏரியைச் சுற்றி நடக்கிறார். கண்டி ஏரி இயற்கையாக அமைந்ததன்று. கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807-ஆம் ஆண்டு வயல்வெளிக்குக் குறுக்கே அணையிட்டு உருவாக்கியது. அந்த அரசன் ஆங்கிலேயரால் நாடுகடத்தப்பட்டு வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டு, 1832-இல் அங்கேயே இறந்தான் என்னும் செய்தியை அறிந்தவருக்கு அந்த நீர்ப்பரப்பு வேறு பொருள் தருகிறது. மனிதர் ஆக்கிய ஏரி எதுவாயினும் அதன் அடியில் ஓர் அரசியலும் ஒரு பொறியியலும் சிலருடைய இழப்பும் கிடக்கின்றன; ஒரு நாளில் வந்து போகும் பயணியின் கண்ணுக்கு இவை தாமாகப் புலப்படுவதில்லை. பரம்பிக்குளம் இதற்குத் தமிழ்நாட்டார் கைக்கெட்டும் சான்று.

கிணத்துக்கடவிலிருந்து பொள்ளாச்சி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை, டாப்சிலிப், ஆனப்பாடி, தூணக்கடவு வழியாகப் பரம்பிக்குளம் மேலும் 65 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. இந்த வழித்தடத்தின் சிறப்பு யாதெனில், பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தின் முதலமடை ஊராட்சிக்கு உட்பட்டதாயினும், கேரளத்தின் பிற பகுதிகளிலிருந்து அங்கு செல்லும் வழக்கமான சாலை தமிழ்நாட்டின் வழியாகவே செல்கிறது என்பதாகும். பாலக்காட்டிலிருந்து புறப்படும் கேரள அரசுப் பேருந்தும் பொள்ளாச்சிக்கு வந்து, சேத்துமடை சோதனைச் சாவடியைக் கடந்து, மலையேறி, மறுபடியும் தன் மாநிலத்துக்குள் நுழைகிறது. தங்கள் மாநிலத்துக்குள்ளேயே ஒரு வழி வேண்டும் என்று பரம்பிக்குளத்துப் பழங்குடியினர் நெடுங்காலமாகக் கேட்டு வருவதற்கு இதுவே காரணம். சுற்றுலாப் பயணிக்குச் சுவையாகத் தோன்றும் இந்தப் புவியியல் விந்தை, மருத்துவமனைக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் வேறொரு மாநிலத்தின் சாலையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்குச் சுமையாகவே இருந்து வருகிறது.

சமவெளியில் தென்னந்தோப்புகளினூடே செல்லும் சாலை சேத்துமடைக்கு அப்பால் காட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து ஆனைமலைப் புலிகள் காப்பகம் தொடங்குகிறது. 1976-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. மலையின் மேலுள்ள டாப்சிலிப் என்னும் ஊர்ப்பெயர் மரத்தொழிலிலிருந்து பிறந்தது: பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கப்பல் கட்டுவதற்கும் பின்னர் இருப்புப்பாதைக்கும் ஆனைமலைத் தேக்கை வெட்டியபோது, மரத்துண்டுகளை மலையுச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடம் இது. வெட்டுதல் எல்லை மீறிப் போனபின் 1915-ஐ ஒட்டி இங்கு வந்த ஹியூகோ உட் என்னும் வன அலுவலர், அடிமரத்தை முற்றிலும் அழிக்காமல் விட்டு மறுதளிர் பெறும் முறையையும், வெட்டிய இடத்தில் விதையூன்றும் முறையையும் பின்பற்றித் தேக்கங்காட்டை மீட்டெடுத்தார். 1933-இல் இறந்த அவருடைய கல்லறை அவர் விரும்பியவாறே டாப்சிலிப்பின் தேக்குகளுக்கிடையே இருக்கிறது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பயணிகள் இயற்கைக் காடு என்று வியந்து படம் எடுக்கும் பகுதிகளில் கணிசமானவை மனிதர் நட்ட தேக்குத் தோட்டங்களே. வரிசையாக நிற்கும் ஒரே வகை மரங்களையும், அவற்றின் அடியில் புதரின்றிக் கிடக்கும் நிலத்தையும் கூர்ந்து நோக்கினால் இந்த வேறுபாடு தெரியும்.

உண்மையான மழைக்காடு எப்படி இருக்கும் என்பதற்கு அருகிலேயே கரியன் சோலை இருக்கிறது. 2012-இல் யுனெஸ்கோ நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, தமிழ்நாட்டுப் பக்கத்துக் கரியன் சோலையும், பரம்பிக்குளம் சரணாலயத்துக்கு உட்பட்ட கரியன் சோலையும் அந்தப் பட்டியலில் தனித்தனியாக இடம்பெற்றன. ஒரே பெயரும் ஒரே பசுமையும் கொண்ட காட்டை மாநில எல்லை இரண்டு பதிவுகளாக்கியிருக்கிறது. எல்லைக்கோடு மக்களையும் அவ்வாறே பிரிக்கிறது: ஆனைமலையின் தொன்மையான குடிகளான காடர்கள், கேரளத்தில் தனிக்கவனம் தேவைப்படும் மிக நலிந்த பழங்குடிகள் என்னும் நடுவண் அரசுப் பட்டியலில் உள்ளனர், தமிழ்நாட்டுக்கான பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. ஒரே மொழி பேசி, ஒரே காட்டில் தேனும் கிழங்கும் திரட்டி, தம்முள் மணவுறவு கொண்டு வாழும் மக்களின் உரிமை, அவர்களுடைய குடியிருப்பு சோதனைச் சாவடிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுவது முறையன்று.

டாப்சிலிப்பிலிருந்து சில கிலோமீட்டரில் ஆனப்பாடி. இங்கே கேரள வனத்துறையின் சோதனைச் சாவடியும் தகவல் மையமும் உள்ளன. பயணிகள் தங்கள் வண்டியை இங்கு நிறுத்திவிட்டு, வனத்துறையின் பேருந்தில் வழிகாட்டியுடன் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் சுற்றுக்குச் செல்வது வழக்கம். பரம்பிக்குளம் 2010-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உள்வட்டமும் புறவட்டமும் சேர்ந்து அதன் பரப்பு 643.66 சதுர கிலோமீட்டர். வழிகாட்டிகளில் பெரும்பாலோர் காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய பழங்குடிகளைச் சேர்ந்தவர்கள். சுற்றுலா வருமானத்தின் ஒரு பங்கு சூழல் மேம்பாட்டுக் குழுக்களின் வழியாக அந்தக் குடியிருப்புகளுக்குச் செல்கிறது. தென்னிந்தியக் காடுகளில் சுற்றுலாவை நடத்தும் முறைகளுள் இது மேலானது என்றே சொல்லலாம்; தனியார் வண்டிகள் காட்டுக்குள் விருப்பம்போல் திரிவதைத் தடுப்பதோடு, காட்டை அறிந்தவர்களின் அறிவுக்கு ஊதியம் கிடைக்கவும் இது வழிசெய்கிறது. காட்டெருமை, புள்ளிமான், கடமான், மயில் ஆகியவை சாலையோரத்திலேயே தென்படுவது வழக்கம். புலியைக் காணும் எதிர்பார்ப்போடு செல்பவர் ஏமாற்றமடைய நேரலாம்.

தூணக்கடவுக்கு அருகே உள்ள கன்னிமரா தேக்கு, பரம்பிக்குளத்தின் மிகப் புகழ்பெற்ற மரம். அடிமரத்தின் சுற்றளவு 6.5 மீட்டருக்கும் மேலுள்ள இந்த மரத்துக்கு 1994-95-இல் நடுவண் அரசின் மகாவிருட்ச விருது வழங்கப்பட்டது. வெட்ட முயன்றபோது மரத்திலிருந்து குருதி பீறிட்டதாகவும், அதனால் அது கன்னித் தெய்வம் உறையும் மரமாக வணங்கப்படுவதாகவும் பழங்குடியினர் கூறுகின்றனர். இந்த நம்பிக்கை எத்தகைய அழிவுக்கு இடையே அந்த மரத்தைக் காத்தது என்பதை அறிய, கொச்சி அரசின் வன டிராம்வேயின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். டிராம்வே என்பது இலகுவான சிறு இருப்புப்பாதை. 1907 முதல் 1963 வரை ஓடிய இந்தப் பாதை, பரம்பிக்குளத்துக் காட்டிலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்டு, தேக்கையும் கருங்காலியையும் மேற்கே இறக்கிக் கொச்சித் துறைமுகத்துக்குச் சேர்த்தது. செங்குத்தான சரிவுகளில் கீழிறங்கும் சுமைவண்டியின் எடையே மேலேறும் வண்டியை இழுக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளைக் கணக்கெடுத்தபோது தங்கிய குரியார்குட்டி, இந்தப் பாதையில் இருந்த ஓர் இடம். டிராம்வே மூடப்பட்ட அதே பத்தாண்டில்தான் பரம்பிக்குளம் அணை எழுந்தது. அரை நூற்றாண்டுக் காலம் இந்தக் காட்டின் மரம் மேற்கே போயிற்று. அதன்பின் இந்தக் காட்டின் நீர் கிழக்கே திரும்பிற்று.

நீரைத் திருப்ப வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்பதைக் கிணத்துக்கடவின் பழைய வேளாண்மையே காட்டும். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவிலும் உச்சியிலும் பெய்து தீர்த்துவிட்டுச் சமவெளிக்கு வருவதால், வால்பாறை மலைப்பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய, மலையடிவாரத்துக்குக் கிழக்கே போகப் போக மழையளவு விரைந்து குறைகிறது. இவ்வாறு மலை மறைப்பதால் மழை குன்றும் நிலத்தை மழைமறைவுப் பகுதி என்பர். மேட்டாங்காடு என்று கொங்கு மக்கள் சொல்லும் மேட்டுநிலத்தில் சோளமும் கம்பும் நிலக்கடலையும் மழையை நம்பி விளைந்தன. தோட்ட நிலத்துக்கு ஆழமான கிணறுகளிலிருந்து, காளைகள் இழுக்கத் தோல்பறியில் நீர் முகக்கும் கவலை என்னும் முறையில் நீர் இறைக்கப்பட்டது. மலையின் மறுபக்கத்திலோ பரம்பிக்குளம் ஆறு, சோலையாறு முதலியவை தடையின்றி ஓடிச் சாலக்குடி ஆற்றில் சேர்ந்து அரபிக்கடலில் கலந்தன.

அந்த நீரை மலையைக் குடைந்து கிழக்கே கொண்டுவரலாம் என்னும் எண்ணத்தை விடாது வற்புறுத்தியவராகப் பொள்ளாச்சிப் பகுதியின் வி. கே. பழனிசாமிக் கவுண்டர் நினைவுகூரப்படுகிறார்; அப்பகுதியிலிருந்து அமைச்சரான சி. சுப்பிரமணியம், சட்டமன்ற உறுப்பினராயிருந்த நா. மகாலிங்கம், முதலமைச்சர் காமராசர் ஆகியோரின் முயற்சியால் அது திட்டமாயிற்று. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்து நீர்ப்பிடிப்புப் பகுதிகள் கேரளத்துக்குச் சென்றபின், இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையிலிருந்த கேரள அரசுடன் பேசி 1958-இல் உடன்பாடு எட்டப்பட்டது. 1961 அக்டோபர் 7-ஆம் நாள் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பரம்பிக்குளம் அணை 1967-இல் முடிந்தது. முறையான ஒப்பந்தமோ 1970 மே 29-ஆம் நாள்தான் கையொப்பமாகி, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. இரு மாநிலங்கள் இறுதி ஒப்பந்தத்துக்குக் காத்திராமல், பேச்சளவில் எட்டிய இணக்கத்தை நம்பி அணைகளையும் சுரங்கங்களையும் கட்டத் தொடங்கின என்பது, ஆற்றுநீர் வழக்குகள் பத்தாண்டுக் கணக்கில் நீதிமன்றங்களில் நிலுவையிலிருப்பதைப் பார்த்துப் பழகிய இன்றைய தலைமுறைக்கு நம்புதற்கு அரிய செய்தி. இந்தத் திட்டத்தில் உள்ள மிகப் பெரிய சாதனை அதுவே என்று கருத இடமுண்டு.

திட்டத்தின் அமைப்பை ஏரிக்கரையில் நின்று மனத்தில் வரைந்துகொள்வது கடினமன்று. மலையின் உயரத்தில் நீராற்றில் தடுக்கப்படும் நீர் சுரங்கத்தின் வழியே சோலையாறு அணைக்கு வருகிறது. அங்கிருந்து மின்னுற்பத்தி செய்துகொண்டு பரம்பிக்குளத்துக்கு இறங்குகிறது. பரம்பிக்குளத்தின் முழுக் கொள்ளளவு 17.82 டி.எம்.சி.; ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரியும் இந்தத் தேக்கமே திட்டத்தின் களஞ்சியம். இங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் ஒன்று நீரைத் தூணக்கடவு அணைக்குக் கொண்டுசெல்கிறது; அதனோடு பெருவாரிப்பள்ளம் அணை வெட்டுவாய்க்காலால் இணைக்கப்பட்டிருக்கிறது. தூணக்கடவிலிருந்து மற்றொரு சுரங்கம் மாநில எல்லையைத் தாண்டி, மலையடிவாரத்துச் சர்க்கார்பதியில் உள்ள 30 மெகாவாட் மின்நிலையத்தில் நீரை இறக்குகிறது. அதன்பின் காண்டூர் கால்வாய் தொடங்குகிறது. மலையின் ஒரே உயரக்கோட்டை ஒட்டி, நீர் நகர்வதற்கு வேண்டிய மிகச் சிறு சரிவு மட்டும் கொடுத்து வெட்டப்படும் கால்வாயை மக்கள் இப்பெயரால் அழைக்கின்றனர். 49 கிலோமீட்டர் நீளும் இது, உடுமலைப்பேட்டையை அடுத்த திருமூர்த்தி அணையில் முடிகிறது.

திருமூர்த்தி அணையின் கொள்ளளவு 2 டி.எம்.சி.-க்கும் குறைவு, ஆனால் அதை நம்பியுள்ள பாசனப் பரப்பு ஏறத்தாழ 3.77 லட்சம் ஏக்கர். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பரம்பிக்குளத்தின் பொருள் விளங்கிவிடும். பாசனக் காலம் முழுவதும் திருமூர்த்திக்குக் காண்டூர் கால்வாய் ஓயாமல் நீரூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் மடைகள் சில நாட்களிலேயே வற்றிப்போகும். அத்தனை நிலத்துக்கும் ஒரே ஆண்டில் நீர்தர இயலாது என்பதால் ஆயக்கட்டு, அதாவது பாசன உரிமை பெற்ற நிலப்பரப்பு, நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலமும் இரண்டாண்டுக்கு ஒரு முறை நீர் பெறுகிறது. இந்த முறைவைப்பிலும் கடைமடை நிலங்களுக்கு நீர் எட்டுவதில்லை என்னும் குறை நீங்கவில்லை. கிணத்துக்கடவு வட்டாரத்தின் ஒரு பகுதியும் இந்தப் பாசனத்தில் சேர்ந்தது. இவ்வட்டாரத்துக் கோதவாடிக் குளத்தைப் பி.ஏ.பி. உபரிநீரால் நிரப்ப வேண்டும் என்பது சுற்றுவட்டார உழவர்களின் பல்லாண்டுக் கோரிக்கையாக இருந்துவந்திருக்கிறது. கிணத்துக்கடவுச் சந்தையில் ஏலம்போகும் தக்காளியில் பெரும்பங்கைக் கேரள வணிகர்கள் வாங்கிச் செல்கின்றனர் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்: கேரள மலையிலிருந்து நீராக வந்தது கேரளச் சமையலறைக்குக் காய்கறியாகத் திரும்புகிறது.

ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்குத் தமிழ்நாட்டின் பங்கு 30.5 டி.எம்.சி., கேரளத்தின் பங்கு 19.55 டி.எம்.சி. ஆகும். கேரளத்தின் பங்கில் 7.25 டி.எம்.சி. ஆழியாற்றின் வழியே மணக்கடவு அணைக்கட்டில் அளந்து விடப்பட்டுச் சித்தூர் வட்டத்து வயல்களுக்குப் போகிறது, 12.3 டி.எம்.சி. கேரளச் சோலையாற்றுக்கு உரியது. தமிழ்நாட்டு உழவர்கள் தங்களுக்குரிய முழுப் பங்கும் வருவதில்லை என்றும், திட்டத்தின் ஆனைமலையாறு – நல்லாறு பகுதி இன்னும் நிறைவேறவில்லை என்றும் கூறுகின்றனர். சித்தூர் உழவர்கள் மணக்கடவில் உரிய காலத்தில் நீர் விடப்படுவதில்லை என்கின்றனர். இரு தரப்புக் குறைகளுக்கும் அடிப்படை உண்டு. மழை குன்றிய ஆண்டில் பங்கு குறைவது இயல்பு. அப்போது எழும் சினத்தை மாநிலப் பகையாக மாற்றாமல் அளவீட்டையும் பேச்சையும் நம்பியிருப்பதே இந்த ஒப்பந்தத்தைக் காக்கும் வழி.

இந்த அமைப்பு எவ்வளவு நுட்பமானது என்பதை 2022 செப்டம்பர் 21-ஆம் நாள் அதிகாலை நடந்த நிகழ்வு காட்டிற்று. பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளுள் நடுவிலுள்ளதன் எதிர்எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்து, மதகு தானாகத் திறந்துகொள்ள, நொடிக்கு ஏறத்தாழ 20,000 கன அடி நீர் சாலக்குடி ஆற்றுப் படுகையை நோக்கிப் பாய்ந்தது. கீழ்ப்புறத்தில் கேரளத்து ஊர்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது; மேற்புறத்தில் கொங்கு நாட்டின் பாசன நீர் கண்முன்னே கடலுக்குப் போயிற்று. தமிழ்நாடு பராமரிக்க வேண்டிய அணை பழுதானால் வெள்ள இடர் கேரளத்துக்கும் வறட்சி இடர் தமிழ்நாட்டுக்குமாகப் பங்கிடப்படுகிறது என்பது அன்று இரு மாநிலங்களுக்கும் தெளிவாயிற்று. அரை நூற்றாண்டு கடந்த அணைகளைப் பேணுவதற்கான செலவை எந்த அரசும் குறைக்கக் கூடாது.

ஏரியின் அழகைப் பற்றிச் சொல்லும்போது அது எதன்மேல் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆற்றங்கரைக் காடுகள் நீரில் மூழ்கின. டிராம்வே, தேக்குத் தோட்டம், அணைகள் என்று அடுத்தடுத்து வந்த மாற்றங்களால் காடர்கள் தங்கள் வாழிடங்களை விட்டுப் பல முறை நகர நேர்ந்தது. அவர்களுடைய குடியிருப்புகளுள் ஒன்று இன்று மண் அணையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களாலேயே எர்த்டாம் என்று அழைக்கப்படுகிறது. ஆப்பிரிக்காவில் 1959-இல் கட்டி முடிக்கப்பட்ட கரிபா அணையின் பேரேரி, டோங்கா மக்கள் ஏறத்தாழ 57,000 பேரை வெளியேற்றியது; பரம்பிக்குளத்தில் இழந்தவர்களின் எண்ணிக்கை அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆனால் எண்ணிக்கை சிறிதாயிருப்பதே அத்தகைய மக்கள் மறக்கப்படுவதற்குக் காரணமாகிவிடுகிறது. கொங்கு நாட்டின் தென்னையும் வாழையும் பெற்ற நீருக்கு அவர்கள் கொடுத்த விலை உண்டு என்பதை, மூங்கில் தெப்பத்தில் துடுப்புப் பிடிக்கும் பழங்குடி இளைஞரோடு பேசும் பயணி நினைவில் கொள்வது நன்று.

பயணத்துக்கு ஏற்ற காலம் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. தென்மேற்குப் பருவமழையில் நிரம்பிய நீர் அப்போது கரையை ஒட்டி நிற்கும், காடும் பசுமையாக இருக்கும். கோடையில் காட்டுத்தீ அச்சத்தால் அனுமதி நிறுத்தப்படுவதுண்டு. ஆதலால் புறப்படுமுன் வனத்துறையிடம் கேட்டறிவது நலம். இரு சோதனைச் சாவடிகளையும் கடக்க வேண்டியிருப்பதாலும், காட்டுச் சாலையில் இரவுப் பயணத்துக்கு அனுமதி இல்லாததாலும், காலையில் சேத்துமடையை எவ்வளவு முன்னதாகச் சேர்கிறோமோ அவ்வளவு நேரம் ஏரிக்குக் கிடைக்கும். நீரில் முதலைகள் உள்ளன. குளிப்பதற்காக இறங்குவது உயிருக்கே ஆபத்து. தெப்பத்திலோ படகிலோ ஏறுபவர் மிதவைச் சட்டை அணிவதையும் ஆள்கணக்கு மீறாமலிருப்பதையும் தாமே உறுதிசெய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் பாசனத்துக்காக 1895-இல் கேரள மண்ணில் உருவான மற்றோர் ஏரியாகிய தேக்கடியில், 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்த துயரம் மறக்கத்தக்கதன்று. நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும். குரங்குகளுக்கும் மான்களுக்கும் உணவு கொடுப்பது அவற்றுக்குச் செய்யும் தீங்கு.

கோவை, திருப்பூர் மாவட்டப் பள்ளிகளிடம் முன்வைக்க வேண்டிய வேண்டுகோள் ஒன்று உண்டு. கல்விச் சுற்றுலா என்ற பெயரில் மாணவர்களைத் தொலைதூரப் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு அழைத்துச் செல்லும் பள்ளிகள், ஓர் ஆண்டேனும் தங்கள் ஊர் வாய்க்காலில் தொடங்கித் திருமூர்த்தி அணை, சர்க்கார்பதி மின்நிலையம், காண்டூர் கால்வாய் ஆகியவற்றை உரிய அனுமதி பெற்றுக் காட்டி, மறுநாள் பரம்பிக்குளத்தில் முடியும் ஒரு பயணத்தை அமைக்க வேண்டும். நீர்வளத் துறையும் இரு மாநில வனத்துறைகளும் அதற்கு வழிவிட வேண்டும். தம் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் நீர் எந்த மலையில் பெய்து, யாருடைய நிலத்தில் தேங்கி, எந்த உடன்பாட்டின் பேரில் எல்லை தாண்டுகிறது என்பதைப் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் கொங்கு நாட்டுப் பிள்ளைகள் நேரில் பார்த்திருக்க வேண்டும்.